ஜப்பானில் பிள்ளைக்குப் பெயர் வைக்க 14 நாள்: நான் பட்ட பாடு நீங்கள் படவேண்டாம்

ஏழாம் மாதத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன். பெண் பிறந்தால் நிலா. கணவர் ஜப்பானியர். பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கியோசாவுக்குள் வைப்பார்களே, அந்த நிராவா?"

ஜப்பானிய மொழியில் லகரம் கிடையாது. நம் நிலா அவர்கள் வாயில் நிரா ஆகிவிடும். நிரா என்பது பூண்டு வாசம் அடிக்கும் ஒரு கீரை. ஈரலோடு வதக்குவார்கள், கியோசா என்ற கொழுக்கட்டைக்குள் அடைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் என் மகளை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கே நிலாவைக் கைவிட்டேன்.

அதிலிருந்து பெயர் பதிவாகும் வரை நான் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஜப்பானியத் துணையோடு அங்கே பிள்ளை பெறப்போகும் தமிழர்களுக்காக எழுதுகிறேன். கணவன் மனைவி இருவரும் இந்தியர் என்றால் 1ஆம் படியைப் படித்துவிட்டு 8ஆம் படிக்குப் போய்விடுங்கள். கொரியாவில் இருப்பவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

1. முதலில் ஒலியைச் சோதியுங்கள், இரண்டு பக்கமும்

பொருள், எழுத்து எல்லாம் அப்புறம். மனதில் இருக்கும் பெயரை ஜப்பானியர் ஒருவரிடம் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். ல, ள, ழ மூன்றும் ர ஆகும். வகரம் பெரும்பாலும் பகரத்தின் மெல்லிய ஒலியாக மாறும். னகரம் தவிர்த்த மெய்யில் முடியும் பெயருக்கு வாலில் பெரும்பாலும் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். நெடில் குறில் ஆகலாம்.

நான் சேகரித்த சில விபத்துகள்: உமா என்றால் அங்கே குதிரை. கவி, கபி ஆகி, சுவரில் படரும் பூஞ்சையைக் குறிக்கும். ஹரி என்றால் ஊசி. மாலா என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். ஏன் என்று இங்கே எழுத முடியாது, உங்கள் துணையிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மீனா, மாயா, ரீனா போன்றவை சிக்கலில்லாதவை. நெடில் குறிலானாலும் அவை ஜப்பானியப் பெண்களுக்கே இருக்கும் பெயர்கள்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஜப்பானியப் பெயர் நம் காதில் எப்படி விழும் என்பதையும் பார்க்கவேண்டும். எரி என்பது அங்கே சர்வசாதாரணமான பெண் பெயர். ஊரில் பாட்டி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை நினைத்துப் பாருங்கள்.

நிலா போன பிறகு நான் தேர்ந்தெடுத்தது மாரி. சாத்தூர்ப் பக்கம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிப் பெற்றதால் என் பாட்டிக்கு மாரியம்மாள் என்று பெயர். ஊரில் இந்தக் காலத்துப் பெண் குழந்தைக்கு யாரும் இதை வைக்கமாட்டார்கள். ஜப்பானிலோ மரி எல்லாருக்கும் பழகிய நல்ல பெயர். கணவருக்கும் பிடித்துவிட்டது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "மாரி சரி. அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?" என்றாள். மரி என்றேன். "செத்துப்போ என்றா பிள்ளையைக் கூப்பிடுவீர்கள்?" என்று போனை வைத்துவிட்டாள். இந்தச் சண்டை எப்படி முடிந்தது என்பதை 2ஆம் படியில் சொல்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. ஒலி ஒத்துப்போவதால் பொருளும் ஒத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். கொரியர்கள் அப்பா, ஒம்மா என்று சொல்வதைக் கேட்டு நமக்குப் பரவசம் வருவது இயல்புதான். ஆனால் அந்தப் பரவசத்தை நம்பி, ஜப்பானிய, கொரியப் பெயர்களுக்குத் தமிழ் வேர் காட்டும் காணொளிகளைப் பார்த்து யாரும் பெயர் வைக்கவேண்டாம்.

2. "என்ன பொருள்?" என்று கேட்காதீர்கள், "எந்த எழுத்து?" என்று கேளுங்கள்

நமக்குப் பெயரின் பொருள் சொல்லிலேயே இருக்கிறது. மலர்விழி என்றால் மலர்விழி. ஜப்பானில் ஒலி ஒன்று, அதை எழுதும் கான்ஜி வேறொன்று. பொருள் கான்ஜியில்தான் இருக்கும். (கான்ஜி என்பது சீனத்திலிருந்து வந்த எழுத்து. என் அம்மா இன்றுவரை கஞ்சி எழுத்து என்றுதான் சொல்கிறாள்.) ஆகவே பெயர்ப் பொருள் பட்டியல்களில் "யுகி என்றால் பனி" என்று போட்டிருந்தால் அது பாதி உண்மை. பனி என்ற எழுத்தில் எழுதினால் பனி. நற்பேறு என்ற எழுத்தில் எழுதினால் நற்பேறு. ஹாரு என்பது வசந்தமாகவும் இருக்கலாம், வெயிலாகவும் இருக்கலாம்.

எங்கள் மரிக்கு முன்னால் வந்து நின்ற எழுத்துகளைப் பாருங்கள். உண்மை, நியாயம் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் மெய்ப்பொருள். இது மிகவும் பரவலானது. ஆனால் அதே ஜோடியை ஷின்ரி என்று படித்தால் "சத்தியம்" என்ற சாதாரணச் சொல் ஆகிவிடும். சணலும் கிராமமும் சேர்ந்தால் இன்னொரு மரி. பத்தாயிரம் காதம் என்று எழுதினால் மற்றொரு மரி. சீனப் பெருஞ்சுவருக்கு ஜப்பானியர் வைத்த பெயரில் வரும் அதே எழுத்துகள். கான்ஜியே இல்லாமல், ஒலியை மட்டும் காட்டும் ஹிராகானா எழுத்தில் எழுதினாலும் தவறில்லை. அப்போது பொருள் என்று ஒன்றைக் கட்டிப்போட வேண்டியதில்லை.

கடைசியாகக் கணவர் எழுதிக் காட்டிய ஜோடியில் இரண்டு எழுத்தின் தலையிலும் புல் குறி, அதாவது செடிகொடியைக் காட்டும் உறுப்பு, இருந்தது. என்ன பொருள் என்றேன். ஜாஸ்மின் என்றார். அகராதியை எடுத்தால், அந்த இரண்டு எழுத்துகளுக்கும் தனித்தனியாகப் பெரிய பொருள் இல்லை. சமஸ்கிருத மல்லிகாவை ஒலிபெயர்க்கச் சீனத்தில் பயன்பட்ட எழுத்துகள் அவை. அங்கிருந்து ஜப்பானுக்கு வந்திருக்கின்றன. நம் மல்லிகைப்பூ! காணொளி வேரெல்லாம் இல்லை, அகராதியே சொல்வது. அம்மாவுக்கு மறுபடி போன் போட்டேன். "எழுத்தில் மல்லிகை, கூப்பிட மாரி" என்றேன். "நான் மல்லி என்று கூப்பிட்டுக்கொள்கிறேன்" என்றாள். அத்துடன் முடிந்தது.

எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உதவும் சில பழக்கங்கள்: பெண் பெயரின் வாலில் வரும் கோ என்பது பிள்ளை என்ற எழுத்து. இது பாட்டிமார் காலத்துப் பாணி, இப்போது அரிது. மி என்பது பெரும்பாலும் அழகு. ஆண் பெயரில் இச்சிரோ, ஜிரோ, சபுரோ என்றால் முதல், இரண்டாம், மூன்றாம் பையன். இது தெரியாமல் மூத்தவனுக்கே ஜிரோ என்று வைத்துவிட்டால் "அண்ணன் எங்கே?" என்று கேட்பார்கள்.

குடும்பப்பெயரோடும் சேர்த்துப் பாருங்கள். ஜப்பானியக் குடும்பப்பெயர்களில் பாதி, நிலத்தைப் பார்த்து வைத்தவை போலத்தான் இருக்கும். யமமோதோ என்றால் மலையடி, இனோவே என்றால் கிணற்றுக்கு மேலே, கொபயாஷி என்றால் சிறு காடு. எங்கள் வீட்டுப் பெயர் தனாகா. வயலின் நடு என்று பொருள். வயல் நடுவே மாரி பெய்வது எந்த விவசாயிக்குக் கசக்கும்? இதைச் சொன்னதும் கரிசக்காட்டு மனுஷரான என் அப்பாவும் எங்கள் பக்கம் சேர்ந்துவிட்டார்.

3. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்

கண்ட கான்ஜியையும் பெயருக்கு வைக்க முடியாது. அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 2136 எழுத்துகள், பெயருக்கென்று தனியாக அனுமதித்தவை 863. இவை தவிர ஒலியெழுத்துகளான ஹிராகானா, கதகானா. இவ்வளவுதான். ரோமன் எழுத்தோ தமிழெழுத்தோ ஜப்பானியக் குடிமகனின் பெயரில் வராது. நீதி அமைச்சகத்தின் இணையப் பக்கத்தில் எழுத்தைப் போட்டால் அனுமதி உண்டா என்று காட்டிவிடும். ஐந்து நிமிட வேலை. மல்லிகையின் இரண்டு எழுத்தும் அந்த 863இல் இருக்கின்றன.

ஆனால் பட்டியலில் இருப்பதாலேயே பெயருக்கு ஆகும் என்று அர்த்தமில்லை. மரணம் என்ற எழுத்துகூட அன்றாடப் பட்டியலில் உண்டு. 1993இல் டோக்கியோவின் அகிஷிமா நகரில் ஒரு தந்தை மகனுக்குப் பேய் என்று பொருள்படும் அகுமாவைப் பதிய முயன்று நாடே பேசியது. அந்த இரண்டு எழுத்தும் பட்டியலில் உள்ளவைதான்.

நம்மைப் போன்ற புதியவர்கள் விழும் குழி வேறு. தனித்தனியே அழகான எழுத்துகள் சேர்ந்ததும் வேறொரு சொல்லாகிவிடும். கடலும் நிலவும் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கிறது! அது ஜெல்லி மீன். கடலும் விண்மீனும் சேர்ந்தால் நட்சத்திர மீன். இதயம் என்பதோடு, பையன் பெயர்களில் வரும் "தா" என்ற எழுத்தைச் சேர்த்தால் கடற்பாசியில் செய்யும் ஒரு வழுக்குச் சேமியா. எழுத்துகளைத் தேடுபொறியில் ஒட்டி, படங்கள் பகுதியைப் பாருங்கள். குழந்தைகள் வந்தால் நல்லது. மீன்கடை வந்தால் வேறு பெயர் தேடுங்கள்.

4. படிக்கும் ஒலிக்கும் இப்போது சட்டம் உண்டு

முன்பு எழுத்துக்குத்தான் கட்டுப்பாடு. எப்படிப் படிப்பது என்பது பெற்றோர் விருப்பம். பெரியது, பறந்தெழு என்ற இரண்டு எழுத்துகளை ஹிரொதோ, ஹாருதோ, யமாதோ என்று வீட்டுக்கு ஒரு விதமாகப் படிப்பார்கள். 2025 மே 26 முதல் படிக்கும் ஒலியும் கோசெகியில், அதாவது குடும்பப் பதிவேட்டில், ஏறுகிறது. அந்த ஒலி, எழுத்தைப் படிக்கும் முறையாகப் பொதுவில் ஏற்கப்பட்டதாக இருக்கவேண்டும். உயரம் என்று எழுதிவிட்டுக் குட்டை என்று படிப்பது, தாரோ என்று எழுதிவிட்டு மைக்கேல் என்று படிப்பது எல்லாம் செல்லாது.

நமக்கு இது ஏன் முக்கியம் என்றால், தமிழ்ப் பெயரை எப்படியாவது கான்ஜிக்குள் திணிக்கும் ஆசை நம் எல்லாருக்கும் உண்டு. விண்மீன் என்று எழுதித் தாரா என்று படிக்க வைக்கலாமே என்று ஒரு தோழி கேட்டாள். அந்த எழுத்துக்கு அப்படி ஒரு வாசிப்பு இல்லை. ஏன் இப்படிப் படிக்கவேண்டும் என்று விளக்கம் கேட்பார்கள், அதற்குள் நாள் ஓடிவிடும். தாராதான் வேண்டும் என்றால் பேசாமல் கதகானாவில் எழுதிவிடுங்கள்.

5. கோட்டுக் கணக்கு

நம் ஊரில் எண் கணிதம் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டுவார்கள் இல்லையா, அதே வியாதி அங்கேயும் உண்டு. கான்ஜியில் எத்தனை கோடு என்று எண்ணிப் பலன் சொல்வார்கள். மாமியார் நம்பினால் பாருங்கள், இல்லாவிட்டால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். என் மாமியார் நம்பினார். ஒரு புத்தகத்தில் நன்று, மற்றொன்றில் ஆகாது என்று வந்தது. இரண்டு நாள் வீடே அமைதி. காரணம் சின்னது. புல் குறியை இன்றைய வடிவில் 3 கோடாக எண்ணுபவர்கள் உண்டு, பழைய வடிவில் 6 ஆக எண்ணுபவர்களும் உண்டு. எங்கள் பெயரில் புல் குறி இரண்டு. ஒரு கணக்கில் 18, இன்னொன்றில் 24. எந்தப் புத்தகம் என்பதை முதலிலேயே மாமியாரோடு பேசி முடிவு செய்துவிட்டால் காசும் மிச்சம், நிம்மதியும் மிச்சம்.

6. பிறப்பு அறிவிப்புப் படிவம்

படிவத்தின் பெயர் ஷுஸ்ஸேய் தொதோகே. ஒரே தாள். வலது பாதி பிறப்புச் சான்று, அதை மருத்துவரோ மருத்துவச்சியோ நிரப்பித் தருவார்கள். இடது பாதி நீங்கள் எழுதவேண்டியது. கட்டணம் கிடையாது.

கெடு 14 நாள், பிறந்த நாளையும் சேர்த்து. 3ஆம் தேதி பிறந்தால் 16ஆம் தேதி கடைசி. கடைசி நாள் விடுமுறையானால் அடுத்த வேலைநாள். காரணமில்லாமல் தாமதித்தால் 50,000 யென் வரை அபராதம் வரலாம். சுகப்பிரசவம் என்றால் மருத்துவமனையில் சுமார் ஐந்து நாள் இருப்பீர்கள், வலது பாதி பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பும்போதுதான் கையில் வரும். ஆக உண்மையில் உங்களுக்கு இருப்பது ஒன்பது நாள்.

நம் ஊர் வழக்கப்படி 16ஆம் நாள் பெயர் சூட்டலாம் என்று இருந்தால் கெடு தாண்டிவிடும். அவர்களுடைய வழக்கம் ஏழாம் நாள் மாலை. தூரிகையால் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். பதிவை முடித்துவிட்டு 16ஆம் நாள் தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று முறை பெயர் சொல்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. நாங்கள் அப்படித்தான் செய்தோம், அம்மா காணொளியில் இருந்தபடி. பெயரே முடிவாகவில்லை என்றால் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்து, பின்னால் சேர்க்கவும் வழி உண்டு. ஆனால் பின்னால் சேர்த்தது பதிவேட்டில் தெரியும். கூடியவரை வேண்டாம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: நிரப்பிய படிவம், தாய்சேய் கையேடு, கொடுப்பவரின் அடையாள அட்டை, இருந்தால் முத்திரை. கொடுக்கும் இடம் நீங்கள் குடியிருக்கும் ஊர், குழந்தை பிறந்த ஊர், குடும்பப் பதிவேடு இருக்கும் ஊர், மூன்றில் எதுவும் சரி. அறிவிப்பவராகக் கையெழுத்து இடவேண்டியது தாயோ தந்தையோதான். தாளை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பது மாமியாராகவும் இருக்கலாம்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, எழுத்தின் வடிவம். மல்லிகையின் முதல் எழுத்தில் புல் குறிக்குக் கீழே "கடைசி" என்ற எழுத்து வரும். அதில் மேல்கோடு நீளம், கீழ்க்கோடு குட்டை. மாற்றிப் போட்டால் "இன்னும் இல்லை" என்ற வேறு எழுத்தாகிவிடும், மொத்தமாகப் பட்டியலில் இல்லாத எழுத்து ஆகிவிடும். இதைச் செய்தது நான் இல்லை. ஜப்பானில் பிறந்து வளர்ந்து பட்டம் பெற்ற என் கணவர். தூக்கமில்லாத கண்ணோடு மருத்துவமனை நடைபாதையில் எழுதியிருக்கிறார். அகராதி அச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெரிய எழுத்தில், பகல் வெளிச்சத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது, இரவு வாசல். நகர அலுவலகங்களில் இரவிலும் விடுமுறையிலும் படிவம் வாங்கிக்கொள்வார்கள். வாங்குபவர் காவலர், சரிபார்க்கமாட்டார். நாங்கள் இரவில் கொடுத்துவிட்டுப் பெருமையாக வந்தோம். மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து போன். கீழ்க்கோடு நீளமாம். கையெழுத்திட்டவரே வந்து திருத்தவேண்டும் என்றார்கள். அரை நாள் விடுப்பு போயிற்று. நல்லவேளை, கொடுத்த தேதி அந்த இரவுத் தேதியாகவே இருந்தது. தாய்சேய் கையேட்டில் போடும் சான்றுக்கும் எப்படியும் பகலில் போகவேண்டியிருக்கும். கெடு நெருக்கினால் தவிர இரவு வாசல் வேண்டாம்.

மூன்றாவது, உங்கள் சொந்தப் பெயர். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை, முன்னெழுத்துத்தான். பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாகவோ, அப்பா பெயர் குடும்பப்பெயராகவோ இருக்கும். கல்யாணப் பதிவின்போது உங்கள் பெயர் கணவரின் பதிவேட்டில் கதகானாவில் ஏறியிருக்கும். பிறப்புப் படிவத்தில் ஒரு புள்ளி, ஒரு நெடில் கோடு மாறாமல் அதே கதகானாவை எழுதுங்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்துப் புதிதாக ஒலிபெயர்க்க வேண்டாம். உங்கள் பிறந்த தேதியைக் கிறிஸ்தவ ஆண்டில் எழுதுங்கள். பூர்வீகப் பதிவிடம் கேட்கும் கட்டத்தில் இந்தியா என்று நாட்டை மட்டும் எழுதினால் போதும்.

தமிழ் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. மனைவி ஜப்பானியர் என்றால் பிள்ளை மனைவியின் பதிவேட்டில், மனைவியின் குடும்பப்பெயரோடுதான் ஏறும். முன்னெழுத்து அங்கே எடுபடாது. உங்கள் பெயரைக் குடும்பப்பெயராக்க விரும்பினால், திருமணமாகி ஆறு மாதத்துக்குள் மனைவி ஓர் அறிவிப்புக் கொடுத்து அதற்கு மாறிக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் குடும்ப நீதிமன்றம். நடுப்பெயர் என்ற கட்டமும் இல்லை. தாத்தா பெயரைச் சேர்த்தால் இடைவெளி இல்லாமல் ஒரே பெயராக ஒட்டிக்கொள்ளும், பிள்ளை வாழ்நாள் முழுக்க எல்லாப் படிவத்திலும் அதை முழுசாக எழுதவேண்டும்.

ஊருக்கு வந்து பிரசவம் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்கவும். இந்தியாவில் பிறந்தால் கெடு மூன்று மாதம். சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்திலும் கொடுக்கலாம். ஆனால் படிவத்தில் ஜப்பானியக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்கிறேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு அந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்காவிட்டால், பிறப்பாலேயே இந்தியக் குடியுரிமையும் பெற்ற குழந்தை, பிறந்த நாளிலிருந்தே ஜப்பானியக் குடியுரிமையை இழந்துவிடும். அபராதம் கட்டிச் சரிசெய்யும் விஷயம் இல்லை இது.

7. பதிவுக்குப் பிறகு

அன்றைக்கே அதே கட்டடத்தில் குழந்தை உதவித்தொகைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். பிறந்த மறுநாளிலிருந்து 15 நாள் கெடு. தாமதித்தால் அந்த மாதத் தொகை போய்விடும். மூன்று வயதுக்குள் முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் மாதம் 15,000 யென்.

பதிவேட்டில் பெயர் ஏற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பிறகு கோசெகி நகல் 450 யென். முதல் பாஸ்போர்ட்டுக்கு அது வேண்டும். பிறப்பு அறிவிப்பு ஏற்புச் சான்று 350 யென். கொடுத்த மூலப் படிவம் திரும்ப வராது, கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

பாஸ்போர்ட்டில் வரும் ரோமன் எழுத்துக்கூட்டல், ஜப்பானிய ஒலியை அரசு வகுத்த முறைப்படி எழுதியதாக இருக்கும். வேறு கூட்டல் வேண்டுமானால் முதல் விண்ணப்பத்திலேயே காரணமும் ஆவணமும் காட்டிக் கேளுங்கள், பின்னால் மாற்றுவது கடினம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் ஜப்பான் பாஸ்போர்ட் எடுத்த பிள்ளைக்கு ஓசிஐ என்ற வெளிநாட்டு இந்தியர் அட்டைதான். அதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வரும்.

பெயர் பிடிக்காமல் போனால்? குடும்ப நீதிமன்றத்தில் மனு. முத்திரைக் கட்டணம் 800 யென், அதோடு தபால் தலைகள். செலவு சின்னது. நியாயமான காரணம் காட்டுவதுதான் பெரிது. ஜெல்லி மீன் என்று தெரியாமல் வைத்துவிட்டேன் என்று நீதிபதி முன் போய் நிற்பதைவிட இப்போதே படம் தேடிப் பார்த்துவிடலாம்.

8. இருவரும் இந்தியர் என்றால்

கான்ஜித் தலைவலி கிடையாது. 6ஆம் படியில் சொன்ன 14 நாள் பிறப்பு அறிவிப்பு மட்டும் உங்களுக்கும் உண்டு. பெயரைக் கதகானா என்ற ஒலியெழுத்தில் எழுதுங்கள். பிள்ளை 60 நாளுக்கு மேல் ஜப்பானில் இருக்கப்போகிறது என்றால் பிறந்து 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் தங்கும் தகுதி கேட்டு விண்ணப்பிக்கவேண்டும், கட்டணம் இல்லை. இந்தியத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பிறப்பைப் பதியுங்கள். மூன்று இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராகப் போடுவதா, காலியாக விடுவதா என்பதைப் பிரசவத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். காலியாக விட்டால் அங்கே வங்கிக் கணக்கு, கைப்பேசி இணைப்பு என்று போகும் இடமெல்லாம் கணினி அழும்.

9. கொரியாவில் எது வேறு

புசானில் கொரியரை மணந்து வாழும் என் தோழியிடம் கேட்டு எழுதுகிறேன். அங்கே கெடு ஒரு மாதம். தாமதித்தால் 50,000 வொன் வரை அபராதம். மருத்துவமனையே பிறப்பைத் தெரிவிக்கும் முறை 2024 ஜூலையில் வந்திருக்கிறது, ஆனாலும் பெற்றோர் தனியே அறிவிக்கவேண்டும்.

கொரியப் பெயர் எல்லா இடத்திலும் ஹங்குல் எழுத்தில்தான் தெரியும், பொருளைச் சுமக்கும் சீன எழுத்து பின்னால் ஒளிந்திருக்கும். ஜி என்ற ஒலி அறிவாகவும் இருக்கலாம், நிலமாகவும் இருக்கலாம், மன உறுதியாகவும் இருக்கலாம். பெயருக்கு அனுமதித்த சீன எழுத்துகள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். அங்கே சுமை பட்டியல் அல்ல, கணவர் வீட்டு வம்சாவளி. ஒரே தலைமுறைப் பிள்ளைகள் எல்லாருக்கும் பெயரில் ஓர் அசை பொதுவாக வரும் வழக்கம் இன்னும் சில குடும்பங்களில் இருக்கிறது. அந்த அசை உண்டா என்று கல்யாணத்துக்கு முன்பே கேட்டுவையுங்கள். தோழி பிரசவ அறையில்தான் கேள்விப்பட்டாள்.

சீன எழுத்தே இல்லாத தனிக் கொரியப் பெயரும் வைக்கலாம். ஹனுல் என்றால் வானம், பியொல் என்றால் விண்மீன், சுல்கி என்றால் அறிவு. கொரியத் துணையோடு தமிழ்ப் பெயர் வைக்க விரும்புபவர்களுக்கும் ஹங்குலில் மட்டும் எழுதுவதுதான் எளிய வழி. குடும்பப்பெயர் நீங்கலாகப் பெயர் ஐந்து அசைக்கு மேல் போகக்கூடாது. பிள்ளைக்கு அம்மாவின் குடும்பப்பெயர் வேண்டுமானால் அதைத் திருமணப் பதிவின்போதே ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். கிம் என்றால் தங்கம், ஈ என்றால் ஒரு பழ மரம் என்று குடும்பப்பெயர்ப் பொருளில் மயங்கவேண்டாம். அவர்களுக்கு முக்கியம் எந்த ஊர் கிம் என்பது. கிம்ஹே ஊர்க் கிம் வேறு, கியொங்ஜு ஊர்க் கிம் வேறு. நீங்களே கொரியக் குடியுரிமை வாங்கிக் கொரியப் பெயர் எடுத்தால், குடும்பப்பெயரையும் அந்த ஊர்ப்பெயரையும் குடும்ப நீதிமன்றத்தில் புதிதாக ஏற்படுத்திக்கொள்ளவேண்டும்.

என் மகளின் இரண்டு எழுத்துகளையும் படம் எடுத்து அந்தப் புசான் தோழிக்கு அனுப்பியிருந்தேன். மாமனாரிடம் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். ஜப்பானில் மரி ஆன அதே எழுத்துகளைக் கொரிய முறையில் அவர் படித்தது "மல்லி". எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆனால் கொரியாவில் இருப்பவர்கள் ஆசைப்பட்டு இதை வைக்குமுன் 1ஆம் படியை இன்னொரு முறை படிக்கவும். துணியையும் மிளகாயையும் உலர்த்துவதற்கு அவர்கள் மொழியில் உள்ள வினைச்சொல்லும் மல்லி என்றுதான் தொடங்குகிறது.